இட்டேரியில் மின்சார பைக்

மாணவர்களே! ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துத் தார்ச் சாலையை விட்டு ஏதேனும் ஒரு கிளைப் பாதையில் இறங்கிப் பாருங்கள். சிறிது தூரம் செம்மண் தடம். அதன்பின் இருபுறமும் வேலி அடைத்த இட்டேரி. மழை பெய்தால் சேறு. கோடையில் புழுதி. இடையிடையே காலை இடறும் கற்கள். மரவள்ளிக் காட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் போகிறவர்கள், பால் கேனையோ தீவன மூட்டையையோ மொபெட்டில் கட்டிக்கொண்டு இந்தப் பாதையில்தான் அன்றாடம் போய் வருகிறார்கள்.

இத்தகைய பாதைகளுக்கென்றே அமைந்த இருசக்கர வண்டிகள் உண்டு. அவற்றை 'டர்ட் பைக்' என்பர். உயர்ந்த உடல், நன்றாக அமுங்கி எழும் சுருள்வில்கள், மண்ணைக் கவ்விப் பிடிக்கும் முண்டு முண்டான டயர்கள், குறைந்த எடை ஆகியவை இவற்றின் இலக்கணம். இப்போது இவ்வண்டிகளிலும் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக மின்சார மோட்டார் வந்துவிட்டது. பெங்களூரு அல்ட்ராவயலெட் நிறுவனம் 2025 மார்ச்சில் அறிவித்த 'ஷாக்வேவ்' என்னும் வண்டி இவ்வகையைச் சேர்ந்தது. மின்சார ஸ்கூட்டர்களோ நமக்கு அருகிலேயே, ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உருவாகின்றன.

நம் வீட்டில் இப்படி ஒரு வண்டி வாங்கலாமா என்ற பேச்சு எழுந்தால், நீங்கள் என்ன சொல்வீர்கள்? கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்வோம்.

நின்ற இடத்திலேயே இழுவை

பெட்ரோல் எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே சுழல இயலாது, நின்றுவிடும். எனவேதான் அதற்குக் கிளச்சும் கியரும் தேவைப்படுகின்றன. சேற்றில் மாட்டிய வண்டியை நினைத்துப் பாருங்கள். குறைவாக முறுக்கினால் எஞ்சின் அணைகிறது. அதிகமாக முறுக்கினால் பின் சக்கரம் வெறுமனே சுழன்று குழி பறிக்கிறது.

மின்சார மோட்டாரின் இயல்பு வேறு. சுழலத் தொடங்கும் முன்பே அது முழுத் திருப்பு விசையையும் தரவல்லது. அந்த விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டவும் குறைக்கவும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி உதவுகிறது. ஆகவே, மெதுவாக ஊர்ந்து செல்ல வேண்டிய மண் பாதைக்கு மோட்டார் மிகவும் ஏற்றது.

இதை நீங்களே சோதிக்கலாம். பாட்டரியில் ஓடும் பொம்மைக் காரின் சக்கரத்தை விரலால் ஓரிரு நொடிகள் பிடித்து நிறுத்துங்கள். சக்கரம் சுழலாவிட்டாலும் விரலைத் தள்ளுவதை உணர்வீர்கள். அதிக நேரம் பிடித்தால் மோட்டார் சூடேறும். மின்னாற்றல் இயக்கமாக மாற வழியின்றி வெப்பமாகிவிடுவதே காரணம். மணலில் புதைந்த மின்சார வண்டியை முறுக்கிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஓசையும் உதிரிப் பாகங்களும்

திடீர் ஓசை முட்டைக்கோழிகளை மிரள வைக்கும். நாமக்கல் வட்டாரப் பண்ணைகளின் ஓரமாகச் செல்லும் வண்டிக்கு அமைதி நல்ல குணமே. ஆனால் வளைவில் வரும் முதியவருக்கும் மேய்கிற ஆட்டுக்கும் வண்டி வருவது தெரியாது! ஓட்டுகிறவர்தான் வேகத்தைக் குறைத்து ஒலி எழுப்ப வேண்டும்.

எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் எதுவும் இவ்வண்டியில் இல்லை. பராமரிப்பு வேலை குறைவு.

எடைக் கணக்கு

இனிக் குறைகளைக் காண்போம். முதன்மையான குறை பாட்டரியின் எடை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் முக்கால் கிலோ. அதில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். லித்தியம் பாட்டரி 20 கிலோ எடை இருந்தால்தான் சுமார் 3 யூனிட் சேமிக்க முடியும்.

எனினும் எஞ்சின் பெட்ரோலின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்தை அடைவதாகக் கொண்டால் 1.8 யூனிட் கிடைக்கும். மோட்டார் 3 யூனிட்டில் நூற்றுக்கு 85 பங்கைச் சக்கரத்துக்குத் தருவதாகக் கொண்டால் சுமார் 2.5 யூனிட். அதாவது, 20 கிலோ பாட்டரியைச் சுமந்து ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் வேலையைப் பெறுகிறோம். தீர்ந்துபோனால் பாட்டிலில் வாங்கி வந்து ஊற்றவும் இயலாது. பாட்டரியில் மின்னேற்றச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கொல்லிமலை ஏறினால்?

70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையை அறிவீர்கள். வண்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்ந்து 200 கிலோ என்றும், ஏறும் உயரம் 1,000 மீட்டர் என்றும் கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள்:

200 × 9.8 × 1,000 = 19,60,000 ஜூல்

ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். ஆகவே உயரம் ஏறுவதற்கு மட்டும் அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம் தேவை. உராய்வுக்கும் பிற இழப்புகளுக்கும் ஆவது தனி.

இறங்கும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. பெட்ரோல் வண்டியில் இந்த ஆற்றல் பிரேக்கில் வெப்பமாகிக் காற்றில் கலக்கிறது. பல மின்சார வண்டிகளில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அதில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் மலை மேலேயே பாட்டரியை முழுதும் நிரப்பிவிட்டு இறங்கினால், வரும் மின்சாரத்தை ஏற்க அதில் இடமிராது.

வெயிலும் நிலக்கரியும்

சேலத்துக் கோடை வெயிலில் ஓடி வந்த பாட்டரியை உடனே மின்னேற்றக் கூடாது, ஆறவிட வேண்டும். மிகுந்த சூடு அதன் ஆயுளைக் குறைக்கும். சேற்றைக் கழுவுகிறேன் என்று மின் இணைப்புகளின் மீது வேகமாக நீரைப் பீய்ச்சுவதும் தவறு.

வண்டியில் புகைக்குழாய் இல்லை என்பது உண்மையே. ஆனால் மேட்டூரில் அணையின் நீர்மின் நிலையத்தோடு அனல்மின் நிலையமும் இருக்கிறது. நிலக்கரியில் பிறந்த மின்சாரமானால், புகை நம் ஊரை விட்டு மின் நிலையத்துக்கு இடம் மாறியிருக்கிறது. காற்றிலும் சூரிய ஒளியிலும் பிறக்கும் மின்சாரம் பெருகப் பெருக, இவ்வண்டியின் நன்மையும் பெருகும்.

முடிவு என்ன?

மோட்டார் மண் பாதைக்கு உகந்தது. தடையாக நிற்பது பாட்டரி. காலையில் தோட்டம், மாலையில் பால் சொசைட்டி, இரவில் வீடு என்று சிறு வட்டத்தில் சுற்றும் குடும்பத்துக்கு இது தகும். பாரத்தோடு நெடுந்தூரம் செல்பவருக்கு இன்றைய நிலையில் பெட்ரோல் வண்டியே எளிது. ஒன்றை மறவாதீர்கள்: பந்தயத்துக்கென்று செய்த, பதிவெண் இல்லாத டர்ட் பைக்கைப் பொதுச் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை.

உங்கள் வீட்டு வண்டி ஒரு வாரத்தில் எந்த நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எவ்வளவு பாரம் ஏற்றுகிறது என்று குறித்து வாருங்கள். வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை அந்தக் குறிப்பேட்டிலேயே இருக்கும்.