பேட் மாற்றிய பிறகும் பிரேக் கீச்சிடுகிறதா?

திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு போய் வரும் வண்டிகளில் எது ஏரியோரக் குப்பத்து வண்டி என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். பிரேக் பிடிக்கும்போது அதுவே காட்டிக் கொடுத்துவிடும். மீன் பெட்டி ஏற்றும் சின்ன யானை, வாடகை ஓம்னி, வீட்டு ஆல்ட்டோ எல்லாவற்றுக்கும் முன் சக்கரத்தில் டிஸ்க், பின்னால் டிரம். ஜாக்கியும் இரண்டு மூன்று ஸ்பேனரும் இருந்தால் பேட் மாற்றிவிடலாம் என்பதால், கை பழகியவர்கள் வாசலிலேயே வேலையை முடித்துக்கொள்கிறார்கள். மறுநாள் 'கீச்' என்றதும் பழி புதுப் பேட் மேல் விழுகிறது. பெரும்பாலும் குற்றம் அதில் இல்லை. மாற்றும்போது தொடாமல் விட்ட இடங்களில் சேர்ந்திருக்கும் உப்பிலும் மணலிலும்தான் இருக்கிறது.

1. கழற்றும் முன் காது கொடுங்கள். காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு 'கர்' என்று உரசி, பிறகு சத்தமே இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். டிஸ்க் வார்ப்பிரும்பு, ஏரிக்காற்றில் ஒரே ராத்திரியில் மேலே மெல்லிய துரு படியும், பேட் அதைத் துடைத்துவிடும். மெதுவாகப் போய் நிற்கும்போதெல்லாம் கீச்சிட்டால் 3 முதல் 8 வரை பாருங்கள். மிதிக்காதபோதும் சத்தம் வந்தால் 3, 6, 9. இரும்பும் இரும்பும் உரசுகிற கரகரப்பு என்றால் நேராகக் கடைசிக் குறிப்புக்குப் போய்விடுங்கள்.

2. குப்பத்து மணலில் ஜாக்கி இறங்கும். அடியில் கனமான பலகை போடுங்கள். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ நீட்டாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

3. இந்தக் கரையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேலிப்பரின் ஸ்லைடு பின். கேலிப்பர் இந்த இரண்டு பின்களின் மேல் பக்கவாட்டில் நகர்ந்தால்தான் உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவில் டிஸ்க்கைப் பிடிக்கும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையில் மயிரிழை அளவு கிழிசல் இருந்தாலும் உப்பு ஈரம் உள்ளே போய், கிரீஸ் கெட்டிப்பட்டு, பின் இறுகிவிடும். அப்புறம் ஒரு பேட் டிஸ்க்கை விடாமல் தொட்டுக்கொண்டே ஓடும், சூடாகும், கீச்சிடும். கழற்றிய பழைய பேடுகளைக் குப்பையில் போடும் முன் ஜோடியாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பாதி இருக்க, மற்றது தகடு வரை தேய்ந்திருந்தால் பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பின்னை உருவித் துணியால் துடைத்து, துளையையும் சுத்தம் செய்து, பிரேக்குக்கு என்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவிப் பொருத்துங்கள். விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். உறை கிழிந்திருந்தால் புதிது போடுங்கள், அதிக விலை இல்லை. சில வண்டிகளில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றல்ல. எது எங்கிருந்து வந்தது என்று குறித்துவைத்துக் கழற்றுங்கள்.

4. பேடின் இரு காதுகளும் உட்காரும் இடத்தில் சின்ன ஸ்டீல் கிளிப்புகள் இருக்கும். புதுப் பேடோடு கிளிப்பும் வந்திருந்தால் அதையே போடுங்கள். கிளிப்புக்கு அடியில் துரு உப்பிக்கொண்டு பேடை நெருக்கும். கம்பி பிரஷ்ஷால் அந்தத் துருவை உதிர்த்த பிறகுதான் புது கிளிப். பேட் இடுக்கில் சுத்தியலால் தட்டித்தான் ஏறுகிறது என்றால் அங்கே துரு மிச்சமிருக்கிறது.

5. கிரீஸ் எங்கே, எவ்வளவு? பேடின் பின் தகட்டில் பிஸ்டன் தொடும் வட்டத்திலும், கேலிப்பர் விரல்கள் தொடும் இடத்திலும், காதுகளிலும் மட்டும், அதுவும் பூசினது தெரியாத அளவுக்கு. வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம்; ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பேடின் உரசும் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளியும் படக் கூடாது. கீச்சை அடக்க டிஸ்க் மேல் துரு நீக்கும் ஸ்பிரே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சத்தம் நிற்கும், வண்டி நிற்காது.

6. உள் பேடில் ஒரு வளைந்த சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருக்கலாம். பேட் தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொட்டுக் கத்தி எச்சரிப்பதுதான் அதன் வேலை. உள்ளது வெளியே, இடது வலதாக மாறினாலோ, பொருத்தும்போது தகடு வளைந்தாலோ, முதல் நாளிலிருந்தே கத்தும். பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்துப் போடுங்கள்.

7. டிஸ்க்கின் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். கரை கட்டியிருந்தால் புதுப் பேடின் ஓரம் அதில் இடிக்கும். முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தாலும் கீச்சிடும். லேசான பளபளப்புக்கு உப்புத்தாள் போதும்; தேய்த்த பிறகு பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். ஆழமான கோடுகள் இருந்தால் லேத்தில் கொடுக்கலாம். ஆனால் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போகுமென்றால் மாற்றத்தான் வேண்டும், ஜோடியாக.

8. புதுப் பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும். இதைத்தான் அநேகமாக எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். லோடு இல்லாமல், வண்டி நடமாட்டம் இல்லாத நேரத்தில், நேரான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாக மிதித்துக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். கொஞ்சம் ஓடவிட்டு மறுபடியும். இப்படி எட்டு, பத்து முறை. பிறகு சில கிலோமீட்டர் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்திப் பெடலை அழுத்தியபடி உட்காராதீர்கள்; பேடின் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும். முதல் சில நாள் லேசான சத்தம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

9. மிதிக்காமலே உலோகம் உரசும் ஓசையா? டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு உங்கள் கை பட்டு வளைந்திருக்கலாம், இல்லை ஒரு சரளைக்கல் இடையில் மாட்டியிருக்கலாம். கல்லை எடுத்துவிட்டு, தகட்டை விரலால் டிஸ்க்கை விட்டு விலகும்படி நெம்பிவிடுங்கள்.

10. மீன் பெட்டியிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். லோடு இறக்கியதும் சக்கரத்தின் உட்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்த் தண்ணீரில் கழுவுவது கழுவாததற்குச் சமம். கழுவிய கையோடு நிறுத்திவிடாமல் தெருமுனை வரை ஓட்டி நாலு முறை பிரேக் பிடித்து உலர்த்துங்கள். நனைந்த வண்டியை இரவில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். சமதளம் என்றால் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது நல்லது.

11. சத்தம் பின்னாலிருந்து வந்தால் முன் பேடைக் கழற்றிப் பிரயோஜனம் இல்லை. டிரம்மில் சேர்ந்த தூசியைப் பாருங்கள். வாயால் ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம்; பிரேக் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடையுங்கள்.

12. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடியில் எழுதியிருக்கும் தரத்தையே ஊற்றுங்கள்.

13. மலிவுப் பேட் கடினமாக இருந்து கத்துவதும் உண்டு. பிரேக்ஸ் இந்தியா 1962-லேயே தொடங்கிய ஊர் நம் சென்னை. பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக் சாமான் செய்கிற கம்பெனிகள் இருக்கும்போது, பேர் தெரியாத பெட்டியை வாங்குவானேன்?

14. வேலை முடிந்து வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதியுங்கள்; இல்லாவிட்டால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. அதன் பிறகும் பெடல் தரை வரை இறங்கினாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, சக்கரத்தில் ஆயில் கசிந்தாலோ, கரகரப்பு நிற்காவிட்டாலோ பொன்னேரி வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். சாவியைக் கழற்றி வைத்துவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.