மேற்கு வேலியில் விட்ட வண்டிப்பாதை

ஜூன் பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் வாழை வைத்தவனுக்குத் தூக்கம் கிடையாது. கேரள மலையைத் தாண்டி இறங்கும் மேல்காற்று செப்டம்பர் வரை ஓயாது. கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைக்காரர்கள் சும்மாவா வந்து இறங்கினார்கள்?

சின்னமனூர் வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தி நிற்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவன் நான். அதனால் ஜி9 திசு வாழை நடுவதற்கு முன்பே மேற்கு வரப்பில் சவுக்கு ஒரு வரிசை, உள்ளே அகத்தி இரண்டு வரிசை போட்டுவிட்டேன். "நிழல் கட்டும், உரத்தைத் தின்னும்" என்று பக்கத்துத் தோட்டத்தில் சிரித்தார்கள். இப்போது அவர்கள் வீட்டு ஆட்டுக்கும் என் அகத்திதான்.

கெடுத்தது வேறு. வாழைத்தார் ஏற்றும் லாரி நேராக உள்ளே வரவேண்டும் என்று என் மைத்துனர் ஒற்றைக்காலில் நின்றார். வேலிக்கு நடுவில் லாரி அகலத்துக்கு வழி விட்டோம். ஆடியில் மொத்தக் காற்றும் அந்தச் சந்தில் நெருக்கிக்கொண்டு, வெட்டவெளியில் அடிப்பதைவிட வேகமாகப் பாய்ந்தது. வேலியின் மறைவில் நின்ற வாழைகள் இலை கிழிந்ததோடு தப்பின. பாதையை ஒட்டி நின்றவை தாரோடு ஒடிந்தன. முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பும் சேர்ந்து சாய்ந்தது. முற்றாத காயை வியாபாரி தொடவில்லை. மொத்தச் சேதம் 33 சதவீதத்தை எட்டாததால் அரசு நிவாரணமும் கிடையாது. மைத்துனர் இன்றைக்கும் "கம்பு சரியில்லை" என்கிறார்.

மதில் கட்டிவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. மதிலில் முட்டும் காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று விழும். பாதிக் காற்றைச் சல்லடைபோல் விடுகிற உயிர்வேலிதான், தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை வேகத்தை அடக்கும். அடிப்பக்கம் மொட்டையாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலியின் வேர் உள்ளே வராமல் ஒரு பள்ளம், வாழைக்கு மண் அணைப்பு, பூ தள்ளியதும் முட்டு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

உங்கள் தோட்டமும் மேற்கே மலையைப் பார்த்துத்தான் இருக்கும். பாதையைக் கிழக்கே வையுங்கள். மேற்கே விட்டே தீரவேண்டுமென்றால் சாய்வாக விட்டு, திறப்புக்கு எதிரே இன்னொரு வரிசை அகத்தி போடுங்கள். லாரி கொஞ்சம் சுற்றி வரட்டும். யார் கேட்டாலும் மேற்கு வேலியை நேராக வெட்டாதீர்கள், சொந்தக்காரர் கேட்டாலும்.