கைக்குழந்தையும் மூக்கடைப்பும்

தடுமன், நீர்க்கோவை, ஜலதோஷம், சளி என ஊருக்கு ஊர் பெயர் மாறினும் நோய் ஒன்றே. இவற்றுள் நீர்க்கோவை, ஜலதோஷம் ஆகிய இரண்டும் நீரையே சுட்டுகின்றன. அதனாலோ என்னவோ, மூக்கை அடைப்பது நீரும் கோழையுமே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. உண்மை சற்று வேறானது. வைரஸ் கிருமிகள் தாக்கும்போது மூக்கின் உட்சவ்விலுள்ள இரத்த நாளங்கள் விரிகின்றன; சவ்வு வீங்குகின்றது; வழி குறுகுகின்றது. கோழை அதன்மேல் சேரும் சுமையாகும். எத்துணை சிந்தினும் அடைப்பு முற்றும் நீங்காமைக்குக் காரணம் இதுவே.

பெரியவர்க்கு இஃது ஒரு வாரத் தொல்லை. கைக்குழந்தைக்கோ அவ்வாறன்று. பிறந்து சில மாதங்கள் வரை குழந்தை பெரும்பாலும் மூக்கினாலேயே மூச்சு விடும். பால் பருகுகையில் மூக்கும் அடைபட்டிருந்தால், சிறிது குடித்து, மார்பை விட்டு விலகி அழும். இதனைப் பசியின்மை எனக் கொள்ளுதல் பொருந்தாது.

இந்நிலையில் வீட்டுப் பெரியவர்கள் அன்பினால் செய்யும் ஒன்றைப் பற்றி வெளிப்படையாகவே கூற வேண்டியுள்ளது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. எண்ணெய், இருமலைத் தூண்டாமலே மூச்சுக்குழலில் வழுக்கிச் சென்று நுரையீரலில் தங்கிவிடும். அதனை எளிதில் வெளியேற்ற நுரையீரலால் இயலாது. ஒருவகை நிமோனியா உண்டாகின்றது. பாட்டிமாரின் கைப்பக்குவத்தில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் இவ்வழக்கம் விட்டொழிக்கத் தக்கதே. கர்ப்பூரம் சேர்ந்த தைலங்களும் இரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு ஆகா. கர்ப்பூரம் வலிப்பை உண்டாக்கவல்லது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனும் கூடாது. கொதிநீர் ஆவியால் விளையும் நன்மை சிறிது. பாத்திரம் கவிழ்ந்தால் விளையும் தீங்கோ பெரிது.

செய்யத்தக்கது எளியது. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டினைப் பால் கொடுப்பதற்குச் சற்றுமுன் ஒவ்வொரு நாசியிலும் இரண்டு துளி விட்டு, இளகிவரும் கோழையை மெல்லத் துடைத்தெடுத்தால் போதும். வாங்குகையில் பெயரைப் பார்த்து வாங்குக. நாளங்களைச் சுருக்கும் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்துகளும் அக்கடையிலேயே இருக்கும். மருத்துவர் கூறாமல் அவற்றைக் குழந்தைக்கு இடலாகாது. பெரியவர்களும் ஐந்து நாளுக்குமேல் இட்டுவந்தால் மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் ஆகிய இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோர்க்குத் தரலாகாது என்பது 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இட்ட ஆணை.

நோய் மூக்கோடு நிற்கின்றதா, மார்புக்கு இறங்கிவிட்டதா என்பதை அறியக் கடிகாரம் ஒன்றிருந்தால் போதும். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுவதும் வயிறு உயர்ந்து தாழ்வதை எண்ணுக. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டுக்குட்பட்டதற்கு 50, ஐந்தாண்டுக்குட்பட்டதற்கு 40 என்னும் எண்ணிக்கையை மூச்சு எட்டினாலோ, மூச்சிழுக்கையில் மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, மூக்கைத் துடைத்த பின்னும் பால் பருக மறுத்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, விடியும்வரை காத்திராமல் அவ்விரவிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.