மருந்தோடு மருந்து சேரும்போது

கஞ்சா என்றதும் போதைதான் நினைவுக்கு வரும். ஆனால் அச்செடியிலுள்ள கன்னபிடியோல் என்னும் பதார்த்தம் போதை தருவதில்லை. அதைத் தூய்மையாக்கித் தயாரித்த எபிடியோலெக்ஸ் என்ற திரவ மருந்தை 2018 ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அங்கீகரித்தது. 2 வயதுக்கு மேற்பட்டோரின் ட்ராவே, லெனொக்ஸ்-கஸ்டோ ஆகிய கடுமையான வலிப்பு நோய்களுக்கு அது அனுமதிக்கப்பட்டது.

இந்நோயுள்ள பிள்ளைகள் பெரும்பாலும் வேறு வலிப்பு மருந்துகளையும் உட்கொள்கின்றனர். கவனம் தேவைப்படுவது இங்கேதான்.

பல மருந்துகளை ஈரலிலுள்ள நொதியங்களே உடைக்கின்றன. குளோபசாம் என்ற மருந்து உடைந்து உருவாகும் பொருளுக்கும் வலிப்பை அடக்கும் ஆற்றல் உண்டு. அப்பொருளை மேலும் உடைக்கும் நொதியத்தைக் கன்னபிடியோல் தடுக்கிறது. ஆகவே அது குருதியில் ஏறத்தாழ 3 மடங்காகக் கூடுகிறது. பிள்ளை எந்நேரமும் தூங்கி வழியலாம், நடை தள்ளாடலாம். நோய் முற்றிவிட்டதெனப் பெற்றோர் அஞ்சவும் கூடும். குளோபசாமின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். ஆனால் அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். தாமாகத் திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பக்கூடும்.

வல்புரோவேற்று மருந்துடன் சேரும்போது ஈரல் பாதிப்புக்கான வாய்ப்புக் கூடுகிறது. அதனால் சிகிச்சை தொடங்குமுன்னரும், பின்னர் 1, 3, 6 ஆம் மாதங்களிலும் குருதிப் பரிசோதனை செய்யப்படுகிறது.

செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது. எண்ணெயோ கசாயமோ மாத்திரையோ, பிள்ளைக்குக் கொடுப்பவை அனைத்தையும் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?