கழித்தல் வேறு, அழித்தல் வேறு: சி மொழியிற் பிற்றுச் செய்கைகள்

சி என்னுங் கணினி மொழி, அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி என்பாரால் 1972 ஆம் ஆண்டளவில் ஆக்கப்பெற்றது. யுனிக்ஸ் என்னும் இயக்குதளத்தோடு உடன்வளர்ந்த மொழியாதலின், அத்தளத்தின் கோப்புக்களிலிருந்தே நம் பாடத்துக்கு உதாரணம் எடுப்போம்.

துவித எண்ணில் 0 ஆகவோ 1 ஆகவோ நிற்கும் ஒவ்வோர் இடமும் பிற்று எனப்படும். (பிட்டு என எழுதுவாருமுளர், உண்ணும் பிட்டோடு மயங்குமென அஞ்சி யாம் அதனை விடுத்தோம்.) ஒரு கோப்பினை யார் யார் கையாளலாம் என்பதை யுனிக்ஸ் ஒன்பது பிற்றுக்களிற் குறித்து வைக்கும்: உடையவர்க்கு மூன்று, குழுவினர்க்கு மூன்று, ஏனையோர்க்கு மூன்று. ஒவ்வொரு மூன்றிலும் வாசித்தல் 4, எழுதுதல் 2, இயக்கல் 1. ஆகவே, எட்டை அடியாகக் கொண்ட எண்ம முறையில் உரிமை முழுவதையும் மூன்றே இலக்கங்களில் எழுதிவிடலாம். 640 எனின், உடையவர் வாசிக்கவும் எழுதவுங் கூடும், குழுவினர் வாசிக்க மட்டுங் கூடும், ஏனையோர்க்கு ஒன்றுமில்லை. சி மொழியில் இதனை 0640 என முன்னே பூச்சியமிட்டு எழுதல் வேண்டும். இன்றேல் அது பத்தடி எண்ணாய்விடும்.

புதிய கோப்பொன்றை ஆக்குஞ் செய்நிரல் பெரும்பாலும் 666 என்னும் உரிமையைக் கேட்கும். அதிற் கொடுக்கலாகாதவற்றை யூமாஸ்க் என்னும் மறைப்பெண் குறிக்கும். மறைப்பெண் 022 ஆயின் விடை 644. இதைக் காணும் மாணவர், 666 இலிருந்து 022 கழிக்கப்பட்டது என எண்ணிக்கொள்ளுதல் இயல்பு. விடை சரியாகவே வருகின்றது. ஆபத்தும் அதிலேயே உள்ளது.

மறைப்பெண்ணை 027 ஆக்குக. குழுவினர் எழுதலாகாது, ஏனையோர்க்கு எதுவுமே ஆகாது என்பது இதன் பொருள். எண்ம முறையிற் கழித்துப் பார்க்க. 6 இல் 7 போகாது. அயல் இலக்கத்திற் கடன் வாங்கினால் எட்டு வரும். எட்டும் ஆறும் பதினான்கு, ஏழு போக ஏழு. நடுவிலக்கம் 5 இல் 2 போக 3. விடை 637. யாதும் ஆகாதென்று விலக்கப்பட்ட ஏனையோர்க்கு எல்லா உரிமையுங் கிடைத்துவிட்டது! பூட்டப் போனவன் கதவை அகலத் திறந்துவிட்டு வந்தமை போலும்.

வேண்டிய செய்கை கழித்தலன்று, அழித்தல். அதனை இவ்வாறு எழுதுக:

0666 & ~0027

~ என்னுங் குறி ஒவ்வொரு பிற்றையும் எதிராக்கும். & என்பது நம் இலக்கணத்து உம்மை போன்றது; இதிலும் அதிலும் 1 இருந்தாலன்றி விடை 1 ஆகாது. ஏனையோர்க்கு 111 இன் எதிர் 000. அதனோடு 110 சேர விடை 000. குழுவினர்க்கு 010 இன் எதிர் 101; அதனோடு 110 சேர விடை 100. ஆக 640. ஒரு பிற்றும் அயலிடத்திற் கடன் வாங்கவில்லை.

உரிமை கொடுத்தற்கு | என்னுங் குறி உண்டு. 6 உள்ளவர்க்கு 2 ஐ மீண்டுங் கொடுப்பினும் 6 | 2 என்பது 6 ஆகவே நிற்கும். கூட்டினாலோ எட்டாகி, ஒன்று அடுத்த வகுப்பாரிடம் போய்விடும்.

உரிமை உண்டோவெனச் சோதிக்குங்கால் அடைப்புக்குறியை மறவற்க. 6 & 2 == 2 என எழுதின், சி மொழி == ஐயே முதலிற் கொள்ளும்; 2 உம் 2 உஞ் சமமாதலால் 1 கிடைக்க, 6 & 1 என்பது 0 ஆகும். எழுதும் உரிமையைக் கேட்டோம். இயக்கும் உரிமை பற்றி விடை வந்தது! (6 & 2) == 2 என்பதே சரி. முன்னோடியான பி மொழியில் & என்னும் ஒரே குறி இருவகைப் பணியுஞ் செய்தது; பின்னர் && தனியே பிரிந்தபோதும் & இன் பழைய வரிசை மாற்றப்படவில்லை.

பயிற்சி: 777 இலிருந்து 027 ஐக் கழித்தும் பார்க்க, அழித்தும் பார்க்க. இரண்டிலும் 750 வருவது ஏன்?