நோய் தீர்க்கும் கேளா ஒலி

ஒலியென்பது அதிர்வு. பல்லடத்து விசைத்தறிக் கூடமொன்றின் சுவரைத் தொட்டால், தறியின் ஓசையைச் செவியேயன்றிக் கையும் உணரும். நொடிக்கு 20,000-க்கு மேல் அதிரும் ஒலியோ மனிதர் செவிக்கு எட்டாது. அதனைக் கேளா ஒலி என்பர். கருவிலுள்ள குழவியை மருத்துவர் திரையிற் காண்பது இவ்வொலியின் துணையாலேயாம்.

உள்ளுறுப்பைக் காட்டும் ஒலி, அங்குள்ள கட்டியை அழிக்கவும் வல்லதோ? பூதக்கண்ணாடி, பரந்த வெயிலை ஒரு புள்ளியிற் குவித்துத் தாளை எரிப்பதை மாணவர் அறிவர். அவ்வாறே பல முனைகளினின்று வரும் ஒலியலைகள், வழியிலுள்ள தசைக்கு ஊறு செய்யாது, ஓரிடத்திற் கூடி வலிமை பெறும். 1942-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இம்முறையை விலங்குகளிடம் ஆராய்ந்தனர். 1950-களில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்து ஃபிரை உடன்பிறந்தார் இதனை மூளைக்குப் பயன்படுத்த முயன்றனர். எலும்பு ஒலியைத் தடுத்தமையால் மண்டையோட்டைத் திறக்க நேர்ந்தது, கத்தி நீங்கியபாடில்லை. மேலும், குவிந்த ஒலி தரும் வெப்பத்தைக் குருதியோட்டம் கவர்ந்து செல்லும். அருகிலுள்ள நல்ல தசையும் வெந்துபோதல் கூடும்.

இக்குறையைத் தீர்க்கும் வழி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் புலனாயிற்று. ஆங்கு ஜென் சூ என்னும் ஆராய்ச்சி மாணவியார், பன்றியின் இதயத் தசையை ஒலியால் தகர்க்க முயன்றுவந்தார். ஒலியை விட்டுவிட்டுச் செலுத்துங்கால் எழுந்த இரைச்சல் உடனுழைப்போரை வருத்தியது. அவர் துடிப்புகளின் எண்ணிக்கையைச் செவிக்கெட்டா அளவுக்கு உயர்த்தினார். இரைச்சல் அடங்கியது, ஒரு நிமிடத்திற்குள் தசையில் துளையும் விழுந்தது!

மிகக் குறுகிய அத்துடிப்புகள் தசையினுள் நுண்குமிழிகளைத் தோற்றுவிக்கின்றன. அவை விரிந்து சுருங்கும் விசையால் உயிரணுக்கள் சிதைகின்றன; வெப்பத்திற்கு வேலையில்லை. சிதைந்த பகுதியை உடலே நாளடைவில் அகற்றிவிடுகிறது. ‘ஹிஸ்டோட்ரிப்சி’ எனப்படும் இம்முறையால் கல்லீரற் கட்டிகளை அழிக்க, 2023 அக்டோபரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இசைவளித்தது.

எலும்பும் காற்றும் இவ்வொலிக்குத் தடைகளாதலின், எல்லாக் கட்டிகளுக்கும் இது மருந்தாகாது. எனினும், கத்தியைத் தாங்க வலியற்ற நோயாளர் சிலர்க்கேனும் இது புதுவாழ்வு தரவல்லது. பிறர்க்கு இடையூறு செய்யலாகாது என்னும் எண்ணமும், எதிர்பாராது கண்டதைப் புறக்கணியாது ஆராயும் அறிவும் ஒருங்கே அமைந்தமையாலன்றோ உலகு இந்நன்மையைப் பெற்றது!