வகுப்புத் தோழரிடம் விசுவாசத்தைப் பகிர்வது



கல்லூரிகளில் கிறிஸ்தவ விசுவாசத்தை எடுத்துச் சொன்னவர்களில் முன்நின்றவர்கள் மாணவர்களே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1877-இல் மாணவர்கள் தங்களுக்குள் ஒரு கிறிஸ்தவ ஐக்கியத்தை அமைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் 1912-இல் மாணவர் கிறிஸ்தவ இயக்கமும், 1954-இல் யு.இ.எஸ்.ஐ. என்ற நற்செய்தி மாணவர் ஐக்கியமும் தோன்றின. பின்னதன் கல்லூரிக் கிளைகளைத்தான் தமிழகத்தில் ‘இ.யூ.’ என்கிறார்கள். விடுதி அறையில் நாலைந்து பேர் கூடி வேதம் வாசித்து ஜெபித்தால் அதுவே ஒரு கிளைக்குத் தொடக்கம்.

மாணவர் மாணவரிடம் பேசுவதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு. கேட்பவர் பிடிக்காவிட்டால் “போதும்டா, வேற ஏதாவது பேசு” என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடிகிறவரைதான் அது பகிர்தல். சொல்ல முடியாதபோது நெருக்கடி. முதலாண்டு மாணவரிடம் இறுதியாண்டு மாணவர் பேசும்போதும், ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுத்தவர், தேர்வுக் கட்டணத்துக்குக் கடன் கொடுத்தவர் அழைக்கும்போதும் மறுப்பது கடினம். உதவியைச் செய்ய வேண்டும்; அதைக் கூட்டத்துக்கு வரும் கடனாக மாற்றக் கூடாது. ராகிங்குக்கு அஞ்சித் துணை தேடும் புதிய மாணவரை முதல் வாரத்திலேயே ஜெபக்குழுவுக்கு இழுத்துப் போவது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், நேர்மையான வழியல்ல.

சட்டமும் இந்த வேறுபாட்டைத்தான் காண்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசமைப்பின் 25-ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்லூரியில் சமயப் போதனைக்கு 28-ஆம் பிரிவு இடம் தரவில்லை. உதவிபெறும் கிறிஸ்தவக் கல்லூரியிலும் விருப்பமில்லாத மாணவரை வழிபாட்டுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. கிறிஸ்தவ நிர்வாகங்களே சில வேளை மறந்துவிடுகிற விதி இது.

மதம் மாற்ற அவசரப்படுவதன் விளைவைச் சென்னை நன்றாக அறியும். ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837-இல் தொடங்கிய பள்ளியில் 1841-இல் மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாக நிறுத்திவிட்டார்கள். அந்தப் பள்ளியே பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1862-இல் அங்கு வந்து நெடுங்காலம் அதை நடத்திய வில்லியம் மில்லர், மாறியவர்களை எண்ணுவதைவிடக் கிறிஸ்துவின் சிந்தனை மெல்ல ஊறிப் பரவுவதே கல்லூரியின் வேலை என்று கருதினார். இதை ஏற்காத மிஷனரிகளும் இருந்தார்கள். அவர்கள் கவலையிலும் நியாயம் உண்டு. ஊறட்டும் என்று காத்திருந்தே வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் அல்லவா!

பேச்சு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் இந்தியாவில் நடத்திய வட்டமேசைக் கூட்டங்கள் நல்ல முன்மாதிரி. பல சமயத்தார் கூடிய அந்த இடத்தில் வாதத்துக்கு இடமில்லை. தம் சமயம் தம் வாழ்க்கையில் என்ன செய்தது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள், மற்றவர்கள் கேட்டார்கள். விடுதி மொட்டை மாடியில் இதே முறை கைகொடுக்கும். நண்பர் முருகனை வணங்குபவராக இருந்தால் அந்தப் பக்தியைப் பற்றி அவரிடமே கேட்டு அறிய வேண்டும். அதைப் பழிப்பவர் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். உணவுக்கூட வாசலில் நீட்டப்படும் கைப்பிரதிகளில் பெரும்பாலானவை குப்பைத்தொட்டிக்கே போகின்றன. அதைவிட மாற்கு சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசிப்பது பயனுள்ளது. நான்கு சுவிசேஷங்களில் அதுவே சிறியது, பதினாறே அதிகாரம். வாசித்தபின் நண்பர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம்.

தமிழகத்தில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: “உங்க சபையிலயும் சாதி இருக்கே?” இருக்கிறது. கல்லறைத் தோட்டத்திலேயே சாதிச் சுவர் எழுப்பிய ஊர் உண்டு. சாதி பார்த்து நடக்கும் கிறிஸ்தவத் திருமணங்களைப் பத்திரிகை விளம்பரங்களிலேயே பார்க்கலாம். இதை மழுப்புகிறவர் அடுத்துச் சொல்லும் எதையும் நண்பர் நம்பமாட்டார். ஒப்புக்கொண்டு, இயேசு யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று காட்டுவதுதான் விடை.

நண்பர் விசுவாசிக்க விரும்பினால் பொறுப்பு கூடுகிறது. ஞானஸ்நானத்தின் பின்விளைவுகளை யாராவது முன்னதாகச் சொல்லியாக வேண்டும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதி ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி உண்டு. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் அதை இழக்கிறார். தமிழகத்தில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். உதவித்தொகையும் வேலை ஒதுக்கீடும் மாறும். ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்பதை, புதுச்சேரியிலிருந்து வந்த வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. வீட்டாருக்குத் தெரியாமல் நடக்கும் ஞானஸ்நானம் தாய்தகப்பனிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிடக்கூடும். அவர்களிடம் பேச எத்தனை மாதம் ஆனாலும் பொறுத்திருக்கலாம். விடுதிக் கூட்டம் பட்டப்படிப்போடு கலைந்துவிடும் என்பதால், நண்பரின் சொந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு சபையையும், அவரை விசாரித்துக்கொள்ளும் ஒரு குடும்பத்தையும் கடைசிப் பருவத்துக்கு முன்பே அறிமுகப்படுத்தி வைப்பது அவசியம்.